மூன்று தவணையில் வந்த டிவிஷன்: பிரிட்டனின் 18வது காலாட்படை டிவிஷன், 1939–1942

1942 பிப்ரவரி 11ஆம் தேதி மாலை. சிங்கப்பூர்த் தீவில் 18வது டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் மெர்ட்டன் பெக்வித்-ஸ்மித்திடம் காகிதக் கணக்குப்படி ஒன்பது காலாட்படை பட்டாலியன்கள். கையில் இருந்தவை இரண்டு. மூன்று பட்டாலியன்கள் வேறொரு டிவிஷனின் கட்டளையில் இருந்தன. நான்கு பட்டாலியன்கள், முந்தைய இரண்டு நாளில் அவசரமாகக் கூட்டிய தற்காலிகப் படைகளுக்குப் போய்விட்டன. அவர் காவல் காத்த கரையில் ஜப்பானியர் இறங்கவே இல்லை. அடுத்த நான்கு நாளில் அத்தனை பேரும் போர்க்கைதிகள்.

சிங்கப்பூர் வீழ்ச்சி என்றாலே கடலைப் பார்த்திருந்த பீரங்கிகள், இல்லாத விமானங்கள், வற்றிய குடிநீர் என்று ஒரு பட்டியல் வந்துவிடும். 18வது டிவிஷனை மட்டும் தனியே எடுத்து, அது கட்டப்பட்ட விதம், கப்பலேறிய விதம், பகிர்ந்தளிக்கப்பட்ட விதம் என்று தொடர்ந்து போனால், அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று தெரிகிறது. இந்த டிவிஷன் ஒரு நாள்கூட டிவிஷனாகப் போரிடவில்லை.

ஒரு டிவிஷனுக்குள் என்ன இருக்கிறது

பிரிட்டிஷ் காலாட்படை டிவிஷனின் அனுமதிக்கப்பட்ட ஆள்பலம் 1939ல் 13,863. 1941ல் அது 17,298 ஆனது. 1944ல் 18,347. பெயரைப் பார்த்து இத்தனை பேரும் துப்பாக்கி தூக்கி நடப்பவர்கள் என்று நினைத்தால் கணக்கு தவறும்.

கீழிருந்து எண்ணிப் பார்க்கலாம். ஒரு செக்‌ஷனுக்குப் பத்துப் பேர், அவர்களுக்கு ஒரு பிரென் இயந்திரத் துப்பாக்கி. மூன்று செக்‌ஷன் சேர்ந்தால் ஒரு பிளட்டூன். அதற்கு ஒரு 2 அங்குல மோர்ட்டாரும் ஒரு பாய்ஸ் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியும். மூன்று பிளட்டூன் ஒரு ரைஃபிள் கம்பெனி. நான்கு ரைஃபிள் கம்பெனியும் ஒரு தலைமையகக் கம்பெனியும் சேர்ந்து சுமார் 800 பேர் கொண்ட பட்டாலியன். சிக்னல் பிளட்டூன், 3 அங்குல மோர்ட்டார்கள், சங்கிலிச் சக்கரம் பூட்டிய கேரியர் வண்டிகள் எல்லாம் அந்தத் தலைமையகக் கம்பெனியில் இருக்கும். மூன்று பட்டாலியன் ஒரு பிரிகேடு, மூன்று பிரிகேடு ஒரு டிவிஷன்.

ஆக ஒன்பது பட்டாலியனில் 324 ரைஃபிள் செக்‌ஷன்கள், ஆட்கள் 3,240. பதுங்குகுழியில் உட்கார்ந்து முன்வரிசையை நேராகப் பிடித்து நிற்பவர்கள் இவ்வளவுதான். டிவிஷனில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவர்களின் வேலை இந்த 3,240 பேருக்குக் குண்டு, சோறு, செய்தி, பீரங்கி ஆதரவு கொண்டு சேர்ப்பது, காயம்பட்டவரைத் திருப்பி எடுத்து வருவது.

அதில் முதன்மையானது பீரங்கி. மூன்று ஃபீல்ட் ரெஜிமென்ட், ஒவ்வொன்றிலும் 24 என்று மொத்தம் 72 இருபத்தைந்து பவுண்டர் பீரங்கிகள். ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தூரம் சுடுபவை. டாங்கி எதிர்ப்பு ரெஜிமென்டில் 48 இரண்டு பவுண்டர்கள். இவற்றுக்கு மேல் ராயல் எஞ்சினியர்ஸின் கம்பெனிகள், டிவிஷன் சிக்னல்ஸ், லாரிக் கம்பெனிகள், ஃபீல்ட் ஆம்புலன்ஸ்கள், வேவு பார்க்க ஒரு ரிக்கனைசன்ஸ் பட்டாலியன்.

ஆள்பலப் பட்டியலில் ஏறாத ஒன்று உண்டு: யார் யாரோடு சேர்ந்து பழகியவர் என்பது. ஒரு ஃபீல்ட் ரெஜிமென்ட் வழக்கமாக ஒரே பிரிகேடுடன் பயிற்சி செய்யும். அதன் உட்பிரிவான பேட்டரியின் கமாண்டருக்கு அந்தந்த பட்டாலியன் கர்னலின் குரல் தெரியும்; அவர் பதறினால் எவ்வளவு பதறுவார் என்பதுகூடத் தெரியும். பீரங்கிக் கண்காணிப்பு அதிகாரி எந்தக் கம்பெனியோடு போவார், அவரது தொலைபேசிக் கம்பி எந்த வழியாக ஓடும் என்பது சொல்லாமலே நடக்கும். இந்தப் பழக்கம் அறுந்துவிட்டால், 72 பீரங்கி இருந்தும் முன்வரிசைக்காரனுக்கு ஒன்றும் இல்லாத மாதிரிதான்.

இரண்டாம் வரிசைப் படை

1939 மார்ச்சில் பிரிட்டன் தன் பகுதிநேரப் படையான டெரிட்டோரியல் ஆர்மியை இரட்டிப்பாக்க முடிவு செய்தது. இருக்கும் ஒவ்வொரு யூனிட்டும் தன் ஆட்களிலிருந்து கொஞ்சம் பிரித்துக் கொடுத்து, தன்னைப் போலவே இன்னொன்றை வளர்க்க வேண்டும். கிழக்கு ஆங்கிலியாவின் 54வது டிவிஷன் அப்படி ஈன்றதுதான் 18வது. எண் மட்டும் முதல் உலகப் போரிலிருந்து வந்தது. அப்போதைய 18வது டிவிஷனிலும் இதே 53, 54, 55 பிரிகேடுகள்தான். சின்னம் அந்த வட்டாரத்துக்கே உரிய காற்றாலை.

படை கப்பலேறியபோது 53வது பிரிகேடில் 5வது, 6வது ராயல் நார்ஃபோக், 2வது கேம்பிரிட்ஜ்ஷயர் பட்டாலியன்கள் இருந்தன. 54வதில் 4வது ராயல் நார்ஃபோக், 4வது, 5வது சஃபோக். 55வதில் 5வது பெட்ஃபோர்ட்ஷயர்-ஹெர்ட்ஃபோர்ட்ஷயர், 1வது கேம்பிரிட்ஜ்ஷயர், ஷெர்வுட் ஃபாரஸ்டர்ஸின் 1/5வது. 118, 135, 148 எண்ணிட்ட ஃபீல்ட் ரெஜிமென்டுகள். 125வது டாங்கி எதிர்ப்பு ரெஜிமென்ட். லாயல் ரெஜிமென்டின் 5வது பட்டாலியன் 1941ல் 18வது ரிக்கனைசன்ஸ் பட்டாலியனாக மாற்றப்பட்டது. விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகளோடு 9வது ராயல் நார்தம்பர்லண்ட் ஃபியூசிலியர்ஸ் உடன் இணைக்கப்பட்டது.

பெரும்பாலானவர்கள் ஒரே மாவட்டத்து ஆட்கள், ஒரே ஊர்ப் பள்ளியில் படித்தவர்கள். ஒற்றுமைக்கு அது நல்லது. இழப்பு வந்தால் அதே காரணத்தால் ஓர் ஊரே மொத்தமாக அழும்.

1940ல் டன்கர்க்கில் 1வது கார்ட்ஸ் பிரிகேடை நடத்திய பெக்வித்-ஸ்மித் அந்த ஆண்டு பொறுப்பேற்றார். நார்ஃபோக் கரையில் படையெடுப்பை எதிர்பார்த்துக் காவல், பிறகு ஸ்காட்லாந்தில் பயிற்சி, பிறகு வடமேற்கு இங்கிலாந்து. இரண்டு வருடப் பயிற்சி வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்று பிரிகேடும் தங்கள் பீரங்கிகளோடு ஒரே கட்டளையில் நின்று ஓர் எதிரியைச் சந்தித்தது அந்தக் காலத்திலும் இல்லை, பிறகும் இல்லை.

ஆள் ஒரு கப்பல், சாமான் ஒரு கப்பல்

1941 அக்டோபர் கடைசியில் டிவிஷன் பிரிட்டனை விட்டுக் கிளம்பியது. போகவேண்டிய இடம் மத்திய கிழக்கு. நேரே தெற்கே போகாமல் முதலில் அட்லாண்டிக்கைக் கடந்து கனடாவின் ஹாலிஃபாக்ஸுக்குப் போனார்கள். பிரிட்டனிடம் துருப்புக் கப்பல் போதவில்லை. சர்ச்சில் கேட்க, ரூஸ்வெல்ட் அமெரிக்கக் கடற்படையின் கப்பல்களைத் தந்தார். அமெரிக்கா அப்போது அதிகாரபூர்வமாக நடுநிலை நாடு! ஹாலிஃபாக்ஸில் ஆறு அமெரிக்கக் கப்பல்களுக்கு மாறினார்கள்: வேக்ஃபீல்ட், மவுண்ட் வெர்னன், வெஸ்ட் பாயிண்ட், லியனார்ட் வுட், ஜோசப் டி. டிக்மன், ஒரிசாபா. முதல் மூன்றும் போருக்கு முன் மன்ஹாட்டன், வாஷிங்டன், அமெரிக்கா என்ற பெயர்களில் ஓடிய சொகுசுப் பயணக் கப்பல்கள்.

நவம்பர் 10ல் கிளம்பிய அணி டிரினிடாட் வழியாக டிசம்பர் 9ல் கேப்டவுன் சேர்ந்தது. ஜப்பான் மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கி அப்போது ஒரு நாள் ஆகியிருந்தது.

பயணக் கப்பல் வேகமாக ஓடும், ஆயிரக்கணக்கில் ஆள் ஏற்றும். ஆனால் அதன் சரக்கறை சின்னது. லாரியையும் பீரங்கியையும் தூக்கி இறக்கும் வசதியும் குறைவு. எனவே ஆட்கள் வேகக் கப்பலிலும், வண்டி வாகனங்கள் மெதுவாக வரும் சரக்குக் கப்பலிலும் போவார்கள். போய்ச் சேரும் துறைமுகத்தில் சில வாரம் தங்கி எல்லாவற்றையும் ஒன்று சேர்த்துவிட்டு முகாமுக்குப் போகலாம் என்றால் இந்த முறையில் குற்றம் இல்லை. இடத்தை மிச்சப்படுத்தும் சிக்கனமான ஏற்பாடு அது. இறங்கிய கையோடு சண்டைக்குப் போக வேண்டுமென்றால் வேறு விதமாக ஏற்ற வேண்டும்: ஒவ்வொரு பட்டாலியனும் தன் கேரியர், மோர்ட்டார், வயர்லெஸ், முதல் நாள் குண்டு ஆகியவற்றோடு ஒரே கப்பலில், முதலில் வேண்டியது கடைசியாக ஏறி மேலே இருக்கும்படி. மத்திய கிழக்குக்குப் போகிறோம் என்று ஏற்றிய கப்பலை நடுக்கடலில் மாற்றி அடுக்க முடியாது. வழி மாறியது, அடுக்கு மாறவில்லை.

கேப்டவுனுக்குப் பிறகு மவுண்ட் வெர்னன் 53வது பிரிகேடோடு தனியாகப் பிரிந்து, மொம்பாசா வழியாகச் சிங்கப்பூர் நோக்கிப் போனது. மற்றவை டிசம்பர் 27ல் பம்பாய் சேர்ந்தன. அங்கே இறங்கியவர்களில் பலர் அகமதுநகர் பக்கம் மூன்று வாரம்போல் இருந்து, கால் வலுக்க நடை பயின்று, மறுபடி கப்பலேறினார்கள்.

முதல் தவணை: ஜொகூர்

53வது பிரிகேடு 1942 ஜனவரி 13ஆம் தேதி கெப்பல் துறைமுகத்தில் இறங்கியது. பருவமழை கொட்டியதால் ஜப்பானிய விமானங்கள் கண்ணில் கப்பல்கள் படவில்லை. அது ஒன்றுதான் அதிர்ஷ்டம். பதினொரு வாரம் கப்பலில் இருந்த கால்கள். சொந்த வண்டிகளும் பீரங்கிகளும் கூட வரவில்லை. அங்கங்கே கிடைத்ததைக் கொடுத்தார்கள்.

மலாயா தளபதி லெப்டினன்ட் ஜெனரல் பெர்சிவலுக்கு இவர்கள் தயாரில்லை என்று தெரியும். ஆனால் மூவார் முன்னணி உடைந்துகொண்டிருந்தது. ஒரு வாரத்துக்குள் பிரிகேடு மலாயாவின் தென்கோடியான ஜொகூரில். போனதும் அதையும் மூன்றாகப் பிரித்தார்கள். 5வது நார்ஃபோக் கிழக்குக் கரைப் பக்கம் ஓர் ஆஸ்திரேலிய பட்டாலியனை விடுவிக்கப் போனது. 2வது கேம்பிரிட்ஜ்ஷயர் மேற்குக் கரையில் பத்து பகாட்டுக்கு. 6வது நார்ஃபோக் யோங் பெங்குக்கு மேற்கே புக்கிட் பெலாண்டோக் கணவாய்ச் சாலைக்கு. பிரிகேடியர் டியூக்கிடம் மிஞ்சியது தன் மூன்றில் ஒன்று. ஈடாக 3/16 பஞ்சாப் (16வது பஞ்சாப் ரெஜிமென்டின் 3வது பட்டாலியன்), 2வது லாயல்ஸ் என முன்பின் பார்த்திராத பட்டாலியன்கள் வந்தன.

விளைவு மூன்றே நாளில் தெரிந்தது. ஜனவரி 19ல் ஜப்பானியர் கணவாயைப் பிடித்தனர். மறுநாள் விடியற்காலை, மீட்கப் போன 3/16 பஞ்சாப் புக்கிட் பெலா குன்றில் இன்னும் தாக்குப்பிடித்திருந்த நார்ஃபோக் கம்பெனியோடு சேர முயன்றது. இருட்டில் ஏறி வருபவர்களை ஜப்பானியர் என்று எண்ணி நார்ஃபோக்காரர்கள் சுட்டார்கள். அந்தக் குழப்பத்தின் மேலேயே உண்மையான ஜப்பானியத் தாக்குதலும் விழுந்தது. பஞ்சாப் பட்டாலியனின் கமாண்டர் லெப்டினன்ட் கர்னல் மூர்ஹெட் அன்று உயிரிழந்தார். கணவாய் திரும்பக் கிடைக்கவில்லை. மேற்கே பாரிட் சூலோங்கில் சிக்கியிருந்த ஆஸ்திரேலிய, இந்தியப் படைகளுக்கு இருந்த ஒரே சாலை அதுதான். அங்கிருந்து காட்டு வழியாக மீண்டவர்கள் ஏறக்குறைய 900 பேர்.

இதை அனுபவமற்ற சிப்பாயின் பதற்றம் என்று எழுதிவிட்டுப் போகலாம். அது பாதிதான். யார் எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை மணிக்கு வருவார்கள் என்பது அந்தக் குன்றின் மேலிருந்த கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர வயர்லெஸ் வேண்டும், அல்லது கம்பி. ரப்பர் தோட்டத்திலும் மேட்டுக்காட்டிலும் வயர்லெஸ் எட்டும் தூரம் பாதியாகக் குறையும். கம்பி போட நேரமும் வண்டியும் இல்லை. ஒரே பிரிகேடில் வளர்ந்த பட்டாலியன்களாக இருந்திருந்தால் ஓர் ஆளை அனுப்பியாவது சொல்லியிருப்பார்கள். முந்தாநாள்வரை பார்த்திராதவர்களுக்கு அந்த ஆள் எங்கே போகவேண்டும் என்பதே தெரியாது.

பத்து பகாட்டிலும் கதை இதே போக்கு. 2வது கேம்பிரிட்ஜ்ஷயர் அந்த ஊரைப் பிடிவாதமாகக் காத்து, ஜனவரி 25 இரவில் விட்டு விலகியது. கரையோரச் சாலையில் செங்காராங்குக்கும் ரெங்கிட்டுக்கும் இடையே தடை மேல் தடை. ஜப்பானியர் போடும் தடை எளிமையானது: வெட்டிய மரங்கள், சாலையின் இருபுறமும் இயந்திரத் துப்பாக்கி. வண்டி வரிசையாக வருபவனுக்கு அதைச் சுற்றிப் போக வழியில்லை, ஒரு பக்கம் சதுப்பு, இன்னொரு பக்கம் தோட்டம். செங்காராங்கில் பீரங்கிகளையும் லாரிகளையும் நொறுக்கிவிட்டு, நடக்க முடியாத காயக்காரர்களைச் செஞ்சிலுவைக் கொடியின் கீழ் விட்டுவிட்டு, காலால் கிளம்பினார்கள். ஒரு பகுதி உள்நாட்டு வழியாகப் பெனுட் சேர்ந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை டிராகன்ஃபிளை, ஸ்கார்ப்பியன் என்ற சிறு போர்ப்படகுகளும் மற்றப் படகுகளும் இரவு இரவாக ஒரு கழிமுகத்திலிருந்து ஏற்றிவந்தன. பிப்ரவரி 1ல் அது முடிந்தது. தீவில் மறுபடி கால் வைத்த 53வது பிரிகேடு ஏற்கனவே தேய்ந்த படை.

இரண்டாம், மூன்றாம் தவணை

இதற்கிடையில் லண்டனில் ஒரு கேள்வி எழுந்தது. ஜனவரி 21ல் சர்ச்சில், சிங்கப்பூர் எப்படியும் போகுமானால் வரும் படையை ஏன் பர்மாவுக்குத் திருப்பக்கூடாது என்று தன் தளபதிகளிடம் கேட்டார். செய்தி ஆஸ்திரேலியாவுக்கு எட்டி, பிரதமர் கர்ட்டின் மிகக் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார். கப்பல்கள் திரும்பவில்லை. இராணுவக் கணக்கை மட்டும் பார்த்தால் திருப்பியிருக்க வேண்டும் என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் ஓர் ஆஸ்திரேலிய டிவிஷன் அதே களத்தில் நிற்கும்போது, வந்துகொண்டிருக்கும் பிரிட்டிஷ் டிவிஷனை வழியில் திருப்புவது எந்தப் பிரதமருக்கும் சுலபமான காரியம் அல்ல.

ஜனவரி 29ல் வேக்ஃபீல்டும் வெஸ்ட் பாயிண்டும் மற்றக் கப்பல்களும் டிவிஷனின் பெரும்பகுதியைக் கொண்டுவந்து இறக்கின. மறுநாள் துறைமுகத்திலேயே வேக்ஃபீல்ட் மேல் குண்டு விழுந்தது. மூன்றாம் தவணை பிப்ரவரி 5ல். அதில் வந்த எம்ப்ரஸ் ஆஃப் ஏஷியா நிலக்கரியில் ஓடும் பழைய கப்பல், அணியில் பின்தங்கியே வந்தது. சுல்தான் ஷோல் அருகே விமானங்கள் அதைத் தீயிட்டன. ஆஸ்திரேலியக் கப்பல் யாரா பக்கத்தில் ஒட்டி நின்று 1,800 பேர்வரை ஏற்றிக்கொண்டதால் உயிரிழப்பு குறைவு. ஆயுதங்களும் சாமான்களும் போயின. அதில் இருந்தவை 18வது ரிக்கனைசன்ஸ் பட்டாலியனும் 125வது டாங்கி எதிர்ப்பு ரெஜிமென்டும். டிவிஷனின் கண்ணும், டாங்கியைத் தடுக்கும் கையும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டு ஒரே பகலில் போயின. ஆட்கள் கிடைத்த துப்பாக்கியோடு சாதாரணக் காலாட்படை ஆனார்கள்.

தீவில்

ஜனவரி 20ல் பெர்சிவலுக்கு மேலிருந்த தளபதி ஜெனரல் வேவல் அவரிடம் ஒரு யோசனை சொன்னார்: தாக்குதல் வடமேற்கில்தான் வரும், புதிதாக வரும் 18வது டிவிஷனை அங்கே வையுங்கள். பெர்சிவல் வடகிழக்கை எதிர்பார்த்தார். அப்படியே வைத்தார்: ஆஸ்திரேலியர்கள் வடமேற்கில், 54, 55 பிரிகேடுகளோடு 18வது வடகிழக்கில். 53வது பிரிகேடு தீவுக்குத் திரும்பிய பிறகும் 11வது இந்திய டிவிஷனின் கட்டளையில் விடப்பட்டது. பிப்ரவரி 7 இரவு ஜப்பானிய கார்ட்ஸ் டிவிஷன் வடகிழக்கே பூலாவ் ஊபின் என்ற சிறு தீவில் இறங்கிப் போக்குக் காட்டியது. மறுநாள் இரவு உண்மையான தாக்குதல் வடமேற்கில் விழுந்தது. அங்கே கடந்தவற்றில் ஒன்று ஜப்பானின் 18வது டிவிஷன். எண் ஒற்றுமை தற்செயல்தான், ஆனால் அறிக்கைகளை வாசிக்கும்போது தலை சுற்ற வைக்கும்.

பிறகு நடந்தது கையிருப்பைச் சில்லறையாகச் செலவழித்த கதை. 10ஆம் தேதி தீவின் நடுப்பகுதியில் இருந்த புக்கிட் தீமா கிராமத்தை மீட்க ‘டாம்ஃபோர்ஸ்’ உருவானது: 18வது ரிக்கனைசன்ஸ், 4வது நார்ஃபோக், 1/5வது ஃபாரஸ்டர்ஸ். தலைமை 9வது நார்தம்பர்லண்ட் ஃபியூசிலியர்ஸின் லெப்டினன்ட் கர்னல் தாமஸ். 11ஆம் தேதி அதிகாலை புக்கிட் தீமா சாலையின் இருபுறமும் முன்னேறி, கிராமத்துக்கு முன்னாலேயே தடுக்கப்பட்டுத் திரும்பியது. அதே நாள் நீர்த்தேக்கங்களைக் காக்க 55வது பிரிகேடின் தளபதி மாஸி-பெரஸ்ஃபோர்டின் பெயரில் இன்னொரு படை: 1வது கேம்பிரிட்ஜ்ஷயர், 4வது சஃபோக், 5/11 சீக்கியர். வடகிழக்கில் டிவிஷன் தளபதிக்கு மிஞ்சியவை 5வது சஃபோக்கும் 5வது பெட்ஃபோர்ட்ஷயர்-ஹெர்ட்ஃபோர்ட்ஷயரும். தொடக்கத்தில் சொன்ன இரண்டு இவைதான்.

இப்படித் தளபதியின் பெயரில் படை கட்டுவது பிரிட்டிஷ் படையில் பழைய பழக்கம். அவசரத்துக்கு உதவும். குறை எங்கே என்றால் தலைமையகத்தில். பிரிகேடு தலைமையகத்தில் திட்டம் வகுக்க ஒரு பிரிகேடு மேஜர், வழங்கலைக் கவனிக்க ஒரு ஸ்டாஃப் கேப்டன், தனி சிக்னல் பிரிவு உண்டு. இயந்திரத் துப்பாக்கி பட்டாலியன் ஒன்றின் தலைமையகம் தன் கம்பெனிகளை நடத்தும் அளவுக்குத்தான் கட்டப்பட்டது. அதன் கையில் மூன்று பட்டாலியனைக் கொடுத்து, அதிலும் ஒன்று ஆறு நாள் முன் எரியும் கப்பலிலிருந்து இறங்கியது, இருட்டில் கூட்டி விடியலில் தாக்கு என்றால், சிறந்த கர்னலாலும் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பட்டாலியன்கள் தனித்தனியே மோசமாகச் சண்டை போடவில்லை. 1வது கேம்பிரிட்ஜ்ஷயர் ஆடம் பார்க் வீட்டு வரிசையை 12 முதல் சரணடையும்வரை விட்டுக்கொடுக்கவே இல்லை.

பிப்ரவரி 15 மாலை புக்கிட் தீமாவின் ஃபோர்டு தொழிற்சாலையில் பெர்சிவல் கையெழுத்திட்டார். டிவிஷனின் பெரும்பகுதி தீவில் இறங்கிப் பதினேழு நாள் ஆகியிருந்தது.

சாங்கியும் ரயில் பாதையும்

ஆகஸ்டில் மூத்த அதிகாரிகள் ஃபார்மோசாவுக்கு (இன்றைய தைவான்) கொண்டுபோகப்பட்டனர். பெக்வித்-ஸ்மித் அங்கே கரென்கோ முகாமில் தொண்டை அடைப்பான் நோயால் 1942 நவம்பர் 11ல் இறந்தார். சிப்பாய்களில் ஆயிரக்கணக்கானோர் ஜப்பானியர் போட்ட சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில் பாதைக்கு. பான் போங்கிலிருந்து தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் இரு முனையும் இணைந்தன. 135வது ஃபீல்ட் ரெஜிமென்டின் கமாண்டராக இருந்த பிலிப் டூசி, ஆற்றுப் பாலங்கள் கட்டிய தாமர்க்கான் முகாமில் மூத்த பிரிட்டிஷ் அதிகாரி. 1943 ஏப்ரலில் சிங்கப்பூரின் சாங்கி கைதி முகாமிலிருந்து கிளம்பிய ‘எஃப் ஃபோர்ஸ்’ 7,000 பேர். நடையும் காலராவும் சேர்ந்து அதில் சுமார் 3,000 பேரைக் கொன்றன.

கைதிகளுக்குள் ஒன்று மட்டும் சிதையாமல் இருந்தது: அதிகாரி, சார்ஜென்ட், மருத்துவர் என்ற அடுக்கு. கழிவறைக் குழி எங்கே வெட்டுவது, தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதே, சாப்பாட்டுத் தட்டை வெந்நீரில் முக்கு என்று சொல்லவும் கேட்கவும் ஆள் இருந்தது. பக்கத்து முகாம்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து, பலர் குடும்பத்தோடு, கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்த அடுக்கும் இல்லை, மருத்துவரும் இல்லை. காலரா வந்தபோது அங்கே சாவு பல மடங்கு. கைதிகளில் இறந்தவர் 12,000க்கும் மேல், பெரும்பாலோர் பெயரும் எண்ணும் யூனிட்டும் பதிவாகிக் காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் தான்பியூசயாட்டிலும் தனித்தனிக் கல்லின் கீழ் இருக்கிறார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்களைப் பல பத்தாயிரங்களில் மதிப்பிடுகிறார்கள். பெயர்ப் பட்டியல் கிடையாது.

18வது டிவிஷன் அந்தப் போரில் மறுபடி எழுப்பப்படவில்லை.